பாதி காலியாகக் கிடந்த டிஸ்க்

எண்பதுகளின் கடைசியில், விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அந்த ஏசி அறையில் நான் மட்டும்தான்.

ஒவ்வொரு கிளைக்கும் டிஸ்க்கில் இடம் ஒதுக்குவது என் வேலை. இடம் இருந்தால் கிளைகள் தங்கள் கணக்கைப் பிளாப்பியில் பதிந்து தபால் பையில் அனுப்பினால் போதும். நிரம்பிவிட்டால், பழைய விவரங்களில் எதை அழிக்கலாம் என்று சொல்ல யாராவது நேரில் வர வேண்டும். பாதி டிஸ்க் காலியாகக் கிடந்தும் எல்லோருக்கும் குறைவாகவே ஒதுக்கினேன். பேச ஆள் வருமே என்றுதான்.

திண்டிவனம் கிளை கிளார்க் கஸ்தூரி ஒருநாள் தோளில் மகளோடு வந்தார்.

"புள்ளைக்கு ஜுரம் சார். வூட்ல ஆளில்ல, தூக்கிக்கினு வந்துட்டேன். ஜல்தி முடிச்சுக் குடுங்க."

ஏசிக் குளிரில் குழந்தை நடுங்கியது. முந்தானையால் அதைப் போர்த்திவிட்டு, பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"ஒண்டியா உக்காந்துக்கினு இருப்பீங்களேன்னு எடுத்தாந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே அவர் கிளைக்குத் தாராளமாக இடம் ஒதுக்கினேன்.

"இனிமே நீங்க வர வேணாம்மா" என்றேன். டிஸ்க் பாதி காலி என்பதை மட்டும் மறைத்துவிட்டேன்.

"ரொம்ப உபகாரம் சார்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றும் என்னைக் குத்துகிறது.

அன்றே எல்லாக் கிளைகளுக்கும் இடத்தைப் பிரித்துக் கொடுத்தேன். பிறகு தபால் பை மட்டும்தான் வந்தது. அறை வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது.