அக்கரையில் ஒதுங்காத படகு

பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஊன்றுகிறவன் முதலில் இருமலை அடக்கக் கற்க வேண்டும். மேலதிகாரி எதிரே தும்மலை விழுங்கியவர்களுக்கு என் பாடு புரியும். யுத்தம் முடிந்த சமயம், எண்ணூர் ஆற்றில் எனக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பு. மற்ற நாளெல்லாம் மீன்.

பாயின் மௌனம்

வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவர் இரண்டு தோஸ்துகளோடு வந்தார். பிரியாணிச் சட்டி, வெற்றிலைப் பெட்டி, ஓயாத பேச்சு. அந்தச் சத்தத்தில் சேற்றில் மேய்ந்த உள்ளான் குருவிகள் மொத்தமாக எழும்பிப் போய்விட்டன.

"கொஞ்சம் கம்முனு இருந்தா திரும்பி வரும் பாய்" என்றேன். நிஜமாகவே அடங்கினார்கள். உள்ளான்கள் ஒவ்வொன்றாக வந்து படகுக்குப் பக்கத்திலேயே இறங்கின. பாய் அசையவில்லை. கரையேறியதும் என் தோளில் தட்டினார். "நான் ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம குந்திகினு இருந்தேன்னா எங்க வூட்ல நம்ப மாட்டாங்கோ மாமு. நீ வந்து சாட்சி சொல்லு."

டீச்சரின் கண்ணாடி

ராயபுரத்து டிராயிங் டீச்சர் ஒருவர் ஐப்பசி முதல் மாசி வரை தவறாமல் வருவார். ஒரு நாள் ஆற்றில் பூநாரைகள் இறங்கியிருந்தன. "நீயும் பாரேன் முனுசாமி" என்று தூரக்கண்ணாடியை நீட்டினார்.

நான் அதை அக்கரைக் குப்பத்துப் பக்கம் திருப்பினேன். என் தங்கச்சி செல்லம்மா அங்கேதான் இருந்தாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று அக்கரைக்காரனோடு போனவள். அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கக் கூடாதென்று நைனா என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் செத்து மூன்று வருஷமாகியும் நான் அங்கே படகை ஒதுக்கவில்லை. அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பியதில்லை.

செல்லம்மா கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது. நான் கண்ணாடியை இறக்காததைப் பார்த்துவிட்டு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "பறவை அந்தப் பக்கம் இல்லையேப்பா."

மணல்மேடு

திரும்பும்போது அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வந்தவர், "இன்னிக்கு அக்கரை மணல்மேட்டுல உக்காந்து வரையப் போறேன். நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த கிலுகிலுப்பையை மடியில் சொருகிக்கொண்டு, அடம்பங்கொடி காலை இடற இடற மேடேறினேன். செல்லம்மாவின் குடிசை சாத்தியிருந்தது.

"மீனு படலன்னு போன வாரந்தான் பழவேற்காட்டுக்குப் போய்ட்டாங்கோ. நீ யாரு?" என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி.

"அவ அண்ணன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமையானா புள்ளைய இடுப்புல வச்சிகினு இந்த மேட்டுல வந்து நிப்பா. இன்னாடி பாக்குறேன்னா, எங்கண்ணன் படகுன்னுவா. அது நீதானா?"

அந்தக் கிறிஸ்துமஸ் லீவில் டீச்சரை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியே பழவேற்காடு போனேன். அவருக்கு ஏரி நிறையப் பூநாரை கிடைத்தது, எனக்கு செல்லம்மா வீட்டில் அரை வயிறு கஞ்சியும் வயிறு முட்ட வசவும் கிடைத்தன.