அனுமார் வாலை வெட்டியவர்

எங்கள் அலுவலகத்தில் அவரை வெட்டுக்கிளி என்றுதான் சொல்வோம். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். ஆனால் கொஞ்ச நாளிலேயே அது அவர் காதுக்கு எட்டி, "வெட்டுக்கிளி பேசறேன்" என்றே போனை எடுக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு கிண்டலில் என்ன ருசி இருக்கிறது?

நாங்கள் செய்வது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கான மென்பொருள். யாராவது போன் செய்து மூச்சு முட்டுகிறது என்றால், எந்த வண்டி போக வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அது சொல்லும். அத்தனை முடிவுகளும் ஒரே மெத்தடுக்குள் கிடந்தன. மெத்தட் என்பது ஒரு வேலையைச் செய்யக் கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கிற கட்டளைகளின் தொகுப்பு. ஒரு மெத்தடுக்கு ஒரு வேலை என்பதுதான் நியாயம். எங்களுடையதோ சமைத்து, பரிமாறி, பாத்திரம் தேய்த்து, வாசல் கதவையும் பூட்டிவிட்டுப் போகும். அனுமார் வால் என்று அதற்குப் பேர். பல பேர் கை வைத்து நீட்டிய வால் அது. அதை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று அலுவலகமே நம்பியது. நானும் நம்பினேன்.

அந்தப் பெருமை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. மூத்தவள் பிறந்த அன்று மதியம் வால் எங்கோ சிக்கிக்கொண்டது. பிரசவ அறை வாசல்வரை போனவன், போன் வந்ததும் திரும்பி ஓடினேன். நான் மகளைப் பார்த்தபோது அவளைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இரண்டாவது உண்டானபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தத் தடவையாவது கூட இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றேன். எப்படி இருக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் வெட்டுக்கிளி வேலைக்குச் சேர்ந்தார். அனுமார் வாலைத் திறந்தார், கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார், மூடினார்.

"இது ரெண்டு அழுகைக்கு நடுவுல அடங்காதே" என்றார்.

நாங்கள் திருதிருவென்று விழித்தோம். அவருக்கு இரட்டைப் பெண்கள். அவர்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது வீட்டிலிருந்தே துண்டு துக்கடாவாக வேலை பார்த்திருக்கிறார். ஒன்று தூங்கினால் மற்றது விழிக்கும். ஓர் அழுகை ஓய்ந்து அடுத்தது கிளம்புவதற்குள் படித்துப் புரியாத எதுவும் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் எந்த மெத்தடைக் கண்டாலும் அந்த இடைவெளிக்குள் புரிகிற அளவுக்கு வெட்டிவிடுவார். மற்றவர்கள் வரிகளை எண்ணுவார்கள், இவருக்கு அழுகைதான் அளவு. பெண்கள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள், அளவு மட்டும் மாறவில்லை.

"ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்?" என்று நான் முறைத்தேன்.

"வண்டி அதே மாதிரிதான் ஓடும் தம்பி. பிரேக் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியட்டும், அவ்வளவுதான்."

பழைய அழைப்புகளை வாலுக்குள் செலுத்தி, வந்த பதில்களை முதலில் சேமித்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டை வெட்டித் தனி மெத்தடாக்கி, அதற்கு ஒரு பேர் வைத்து, அதே அழைப்புகளை மறுபடி ஓட்டுவார். ஒரு பதில் பிசகினாலும் வெட்டியதை ஒட்டிவிட்டு ஆரம்பத்திலிருந்து வருவார். சில துண்டுக்குப் பேர் வைக்கவே காலைப்பொழுது முழுதும் போகும். என்னிடம் சந்தேகம் கேட்க நாற்காலியை இழுத்துக்கொண்டே வருவார். வேலை இருக்கிறது என்று நழுவிப் பார்த்தேன். சீப்பை ஒளித்துவைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா?

ஒருநாள் ஓரிடத்தைக் காட்டினார். வண்டி காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகு, பல வரிகள் கீழே தள்ளி வால் மறுபடியும் அதையே பார்த்திருந்தது.

"இது எதுக்கு ரெண்டாவது தடவ?"

"வேணும், அது வேணும்" என்றேன்.

"வேணும்னு எனக்கும் தோணுது. எதுக்குன்னுதான் கேட்டேன்."

சோதனைக் கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிட்டு ஓட்டினோம். இரண்டு நோயாளிகளுக்கு ஒரே வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியைத் தேடுகிற நேரத்துக்குள் வேறோர் அழைப்பு அந்த வண்டியைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தத் துண்டைப் பழைய இடத்திலேயே வைத்து, 'வண்டி இன்னும் காலியா' என்று பேர் கொடுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மூத்தவளின் முதல் அழுகையைக் கொடுத்து நான் காத்த ரகசியம், எனக்கே தெரியாத ரகசியம். அன்று மாலை நானே நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அதன் பிறகு சேர்ந்தே வெட்டினோம்.

மனைவிக்கு வலி எடுத்தது ஒரு வேலைநாள் காலையில். போன் சட்டைப்பையில் கிடந்தது. ஒவ்வொரு நிமிடமும் அது அடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவே இல்லை. இந்தத் தடவை மகன். வழுவழுவென்று, துடைக்காமல், கோபமாக வந்தான். நான் விம்மி விம்மி அழுததைப் பார்த்து நர்ஸ் எனக்கு நாற்காலி போட்டார்.

விடுப்பு முடிந்து வந்ததும் தும்மலைக் கேட்டேன். தும்மல் என் பக்கத்து மேஜைக்காரர். அனுமார் வாலைத் திறக்கச் சொன்னால் ஜலதோஷம் என்று ஒதுங்கியே அந்தப் பேரை வாங்கியவர்.

"அன்னிக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆச்சே. ஒரு ஆஸ்பத்திரியில புது கேஸ் எடுக்கல. வண்டி எல்லாம் அங்கயே போய் நின்னுச்சு. 'ஆஸ்பத்திரி திறந்திருக்கா'ன்னு இருந்த துண்டத் திறந்தேன். தப்பு பல்லைக் காட்டிட்டு நின்னுச்சு. டீ ஆறுறதுக்குள்ள சரி பண்ணிட்டேன்."

"வெட்டுக்கிளியக் கேட்டியா?"

"அவங்களும் அன்னிக்கு லீவுதான்."

வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். அதற்கு மேலே நன்றி இருந்தது, மலை மலையாக. நன்றி சொல்லப் போனால் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் பாதி வால் கிடக்கு, வா" என்றார்.

அதனால் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். என் மனைவி மகனை அவர் மடியில் வைத்தாள். அவர் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு உன் வீட்டுக்காரர் எங்கம்மா இருந்தாரு?"

"என் தலமாட்டுலதாங்க நின்னாரு" என்றாள் அவள். "கையப் பிடிச்சவரு, கடைசி வரைக்கும் விடல."

வெட்டுக்கிளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.