தங்கச்சிக்குத் திறந்த படல்

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு இப்போது இரும்புக் கதவு. பச்சை வர்ணம் வேறு. எனக்கென்னவோ அங்கே இன்னமும் அந்தப் பழைய மூங்கில் படல்தான் நிற்கிறது. அதைத் தூக்கிப் பிடித்த பாதிரியாரின் கைகளும்.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு எட்டு வயது. பாதிரியார் அடிவாரத்துப் பெரிய சபைக்காரர், தோட்டம் அவர்களுடையது. பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பது அவர்கள் முறை. அப்பாவோ முழுக்குச் சபையில் சேர்ந்திருந்தார். புத்தி தெளிந்து, தானே யோசித்து நம்புகிறவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்பது இவர்கள் கட்சி. இரண்டு தரப்பும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே என் தங்கச்சி எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குத் தோட்டத்தில் இடமில்லை என்றார் பாதிரியார். பாவி மனுஷன் என்று அன்று மனசாரத் திட்டினேன். அம்மாவைப் பெற்றவர்கள் அங்கேதான் கிடந்தார்கள். அவர்கள் பக்கத்தில்தான் பிள்ளையை வைப்பேன் என்று, துணியில் சுற்றிய உடலோடு அம்மா படலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

முழுக்குச் சபை உபதேசியார் ஓடி வந்தார். பேச்சு முற்றியது. சத்தம் கேட்டு ஊர்க்கவுண்டர் வந்தார்; மலைச்சாமியைக் கும்பிடுகிறவர், இந்தச் சண்டையில் அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. வரப்புத் தகராறுக்கு வைக்கிற சட்டத்தையே இங்கும் வைத்தார்.

"எதிராளி சொல்றத, அவரு தலையாட்டற மாதிரி மொதல்ல நீங்க சொல்லோணுமுங்க. அப்பறந்தான் உங்க பேச்சு."

உபதேசியார் சொன்னார், பாதிரியார் தலையாட்டினார். பிறகு பாதிரியாரின் முறை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அது இல்லீங்க" என்றார் உபதேசியார். மூன்றாம் தரம் பாதிரியார் குரலைத் தாழ்த்தினார். "யோசிக்கத் தெரியாத பிள்ளையைக் கடவுள் குற்றம் பிடிக்கமாட்டார். அது ஏற்கெனவே அவர் மடியிலதான் இருக்கு. இதானே?"

உபதேசியார் தலையாட்டினார். அம்மா நிமிர்ந்தாள்.

"அவரு மடியில இருக்கறவள உங்க வேலிக்குள்ள உடமாட்டீங்களாங்க, சாமி?"

பாதிரியார் குடையைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் படலைத் தூக்கினார்.

அவர் தன் கட்சியை விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே உபதேசியாரோடு தர்க்கம் தொடங்கியாயிற்று. ஆனால் படலை மட்டும் யாருக்கும் சாத்தவில்லை. திட்டிய வாயாலேயே அவருக்காக ஜெபித்திருக்கிறேன்.

போன மாதம் சபைக் கூட்டத்தில், மற்றச் சபைக்காரர்கள் உள்ளே வராதபடி இரும்புக் கதவுக்குப் பூட்டுப் போடலாம் என்றார்கள். விடுவேனா? பூட்டு வேண்டும் என்றவரையே எழுந்து நிற்கச் சொல்லி, என் அம்மா கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்று காலையும் போய் ஒரு கையால் தள்ளினேன். கதவு திறந்தது.