ஈரத் தலை

“...அவன் அங்க கண்ணாடிக்குப் பின்னால படுத்திருக்கான். நீ ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிச்சுப் போயி நீச்சல் குளத்துல குதிச்சுட்டு வந்திருக்க. நாலு நாளா இதத்தான் கேக்கணும்னு இருந்தேன்.”

மெர்சேதெஸ் இதை ஸ்பானிஷில்தான் சொன்னார். கோபத்துக்கு ஊர் ஏது, என் காதில் அது உசிலம்பட்டித் தமிழாகவே விழுந்தது. கோடைகால மொழிப் படிப்பு முடிந்து நான் கிளம்பும் காலை அது. பெட்டி கதவோரம் நின்றது. பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. எட்டு வாரம் தன் வீட்டில் தங்க வைத்து எனக்குச் சோறு போட்டவர் அவர். வாயில் மெர்சேதெஸ் என்றாலும் மனசுக்குள் அக்கா என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

மதுரையில் கோயிலைச் சுற்றி வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவன் நான். என் ஸ்பானிஷ் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததல்ல. வந்தவர்கள் வாயிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது. அதைச் சீர் செய்யத்தான் ஸ்பெயினுக்கு வந்தேன். காலையில் வகுப்பு, மீதி நேரமெல்லாம் உள்ளூர் வீடு ஒன்றில் தங்கி அவர்களைப் போலவே பேசி, உண்டு, பழக வேண்டும். முதலில் என்னை மலைக்க வைத்தது அவர்கள் விடைபெறும் விதம். லிஃப்டில் வந்த முகந்தெரியாத ஆள்கூட இறங்கும்போது ‘அஸ்தா லுவேகோ’, அதாவது ‘அப்புறம் பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். மெர்சேதெஸ் ரொட்டி வாங்க ஒரு நிமிடம் ஆகும், கடைக்காரியிடம் விடைபெறப் பத்து நிமிடம் ஆகும். அட, நம்ம ‘போயிட்டு வாரேன்’ இங்கேயும் இருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

அவருடைய தம்பி ஹூலியான் கீழ்த் தளத்தில் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர், மதியச் சாப்பாட்டுக்கு மேலே வருவார். என்னைப் போலவே பழமொழிப் பைத்தியம். ‘போன ஊரில் பார்த்ததைச் செய்’ என்று ஒருநாள் ஒன்றை எடுத்துவிட்டார். “எங்க ஊர்ல ‘ஊரோட ஒத்து வாழ்’ம்பாங்கண்ணே” என்றேன். “அப்ப உங்காளு எங்ககிட்டத் திருடிட்டான்” என்றார். “கப்பலேறிக் களவாண்டது யாரு, நாங்களா?” என்று கேட்டேன். மெர்சேதெஸ் சிரித்த சிரிப்பில் சூப் மேசையெல்லாம் சிந்தியது. ‘மாப்ள’ என்ற ஒரே சொல்லை ஹூலியானுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். படிக்கட்டிலிருந்தே “மாப்ள!” என்று கத்திக்கொண்டு வருவார். என் பெயரே அதுதான் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம் அவர் மேலே வரவில்லை. மாரடைப்பு.

இங்கே உடலை வீட்டில் வைப்பதில்லை. ஊருக்கு வெளியே துக்கக்கூடம் ஒன்று இருந்தது. சோபா, ஏசி, காபி மெஷின். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பூக்களுக்கு நடுவே ஹூலியான். ‘உங்கள் துயரத்தில் கூடவே இருக்கிறேன்’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை மெர்சேதெஸிடம் பிசகில்லாமல் சொன்னேன். அவர் என் கையை விடாமல் பிடித்து, சொந்தக்காரர்களுக்கு நடுவே உட்கார வைத்தார். மூன்று மணி நேரம் இருந்தேன். அதுவரைக்கும் நான் அந்த ஊர்க்காரன். எழுந்ததும் கால்கள் உசிலம்பட்டிக் கால்களாகிவிட்டன. யாரையும் பார்க்காமல், யாரிடமும் சொல்லாமல் வெளியேறி, வீட்டில் எதையும் தொடாமல் நேரே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். உடுத்திப் போனதையெல்லாம் நனைத்துப் பால்கனியில் காயப்போட்டு, டவுசரோடு நின்றுகொண்டிருந்தபோது மெர்சேதெஸ் ஏதோ காகிதம் எடுக்க வந்தார். பின்தெருவில் நகராட்சி நீச்சல் குளத்தின் கூச்சல். அவர் என் ஈரத் தலையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்த நாலு நாளும் அவர் பேசவில்லை. துக்கக்காரரிடம் நாமாக வாய் கொடுக்கக் கூடாது என்று நானும் பேசாமலிருந்தேன். தப்புக்கு மேல் தப்பு.

எங்கள் அம்மா செத்த அன்று கொட்டாம்பட்டியிலிருந்து மாமா ஒருவர் பஸ் மாறி மாறி வந்து, சுடுகாடு வரை என் தோளை விடாமல் நின்றார். திரும்பிப் பார்த்தபோது ஆளில்லை. ஒவ்வொருவராக எல்லோரும் அப்படித்தான் போனார்கள். சாவு வீட்டில் ‘வாரேன்’ என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடுமே. சொல்லாமல் போவதுதான் அந்த வீட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.

இதையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் மெர்சேதெஸிடம் சொல்லப் பார்த்தேன். எட்டு வாரம் படித்த மொழி கையில் அள்ளிய தண்ணீராக ஒழுகிப்போனது.

“அப்ப உங்க ஊர்ல யாரும் சொல்லிட்டே போக மாட்டாங்களா?”

“மத்த வீட்டுல சொல்வோம். சாவு வீட்டுல மட்டும்தான் சொல்றதில்ல.”

“தலை ஈரம்?”

“அதுவும் சாவுக்குத்தான். குளிச்சிட்டுத்தான் எதையும் தொடணும்.”

“ஹூலியான் இருந்தா எனக்குப் புரிய வச்சிருப்பான்” என்றார் மெர்சேதெஸ்.

மறு வருடம் வேலைக்காக இந்த நாட்டுக்கே வந்துவிட்டேன். வேறொரு நகரத்தில், ஒரு ஓட்டல் வரவேற்பு மேசையில் நின்று, போகிறவர்களுக்கெல்லாம் ‘அஸ்தா லுவேகோ’ சொல்வது என் பிழைப்பு. அவர்களில் யாரும் திரும்பி வருவதில்லை. சித்தப்பா போய்விட்டார் என்று ஊரிலிருந்து செய்தி வந்த அன்று, சொல்லாமல் எழுந்து வருவதற்கு எனக்கு முன்னால் ஒரு சாவு வீடுகூட இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வேலைக்குப் போனேன். மழையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நான் கிளம்பிய அந்தக் காலையில் மெர்சேதெஸ் செய்தது எங்கள் ஊர் மரியாதையா, இல்லை ஆறாத கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றேன். ரொட்டிக் கடைக்காரிக்கே பத்து நிமிடம் ஒதுக்குகிறவர் எனக்கு ஒரு ‘அஸ்தா லுவேகோ’ சொல்லாமலா இருப்பார் என்று காத்திருந்தேன். மெர்சேதெஸ் எழுந்தார். மேசையில் இன்னும் ஹூலியானுக்கென்று வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.