அழுகண்ணிக்கு இடம் விட்டவர்

சென்ற வாரம் ஒரு காலை, தோசைக் கல்லில் மாவை ஊற்றிய கையோடு தொலைபேசியை எடுத்தேன். தேவசகாயம் அவர்களின் மகள் ஜெயா பேசினாள். "அப்பா போயிட்டாரு மேடம். நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள..." இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். பிறகு அவளே கேட்டாள்: "அம்மா கல்லறை பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்குது. அங்க வெக்காதீங்க, ரோட்டோரமா தனியா வெய்ங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்கிறாரு. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க. அம்மா மேல அப்பாவுக்கு இன்னா கோவம் மேடம்? உங்களுக்கு எதுனா தெரியுமா?"

எனக்குத் தெரியும். "வரேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். தோசை கருகிப் போயிருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் அதே துறையின் ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். திருப்புட்குழிக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த செடிகளில் பாதி புத்தகத்தில் இருந்தவை. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது, ஏனென்றால் அப்போது எனக்குத் திமிர் அதிகம்.

முதல் வருடம், பூச்சி தின்னும் தாவரங்களைப் பற்றிப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். தேவசகாயம் ஒரு டிபன் டப்பாவோடு வந்தார். "படத்தக் காட்டறதுக்கு இதக் காட்டுங்க மேடம்." டப்பாவுக்குள் சரளை மண், அதில் மூன்று செடிகள். விரல் நீளம் இருக்காது. நூல் மாதிரி சிவந்த இலைகள், இலை முழுக்கப் பிசுபிசுப்பான நீர்முத்துகள், அவற்றில் ஒட்டிக்கொண்ட கொசு. உச்சியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ரோஜா நிறப் பூ. அழுகண்ணி. நான் அதை உயிரோடு பார்த்தது அன்றுதான்.

"சாயந்திரம் திருப்பிக் குடுத்துடணும் மேடம். அதோட எடத்துல வெச்சிடணும்" என்றார்.

"லைப்ரரி புஸ்தகமா இது?" என்று கிண்டல் செய்தேன்.

"ஆமா மேடம், அப்பிடித்தான்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அதன் இடம் எது என்று அவர் சொல்லவே இரண்டு வருடம் ஆயிற்று. ஏரிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் காலனியின் கல்லறை மேடுதான் அது. "வேற எதுக்கும் ஆவாத நெலத்தத்தான் எங்க ஜனங்களுக்குக் குடுத்தாங்க. ஏர் ஓட்டாத மண்ணுலதான் இது வருது. சுத்தி எல்லாம் பிளாட்டு போட்டுட்டானுங்க, இது ஒண்ணுதான் பாக்கி" என்றார். மழைக்கு முளைத்து, தையில் பூத்து, மாசியில் விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும் வருடப் பூண்டு அது. ஒரு வருடம் விதை விழவில்லையென்றால் அதோடு சரி. இதையும் அவர் சொல்லித்தான் வைத்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் செடிகளைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டித் தர வேண்டும். வேர், பூ எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். ஒரு தை மாதம் அவர் விடுப்பில் இருந்தார். மனைவி மேரி அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தார்கள். தேர்வு நெருங்கிவிட்டது, அட்டைகள் பாதிகூட வரவில்லை. நாற்பது மாணவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நேரே அந்த மேட்டுக்குப் போனேன். "வேரோட எடுங்க. வேர் இல்லன்னா மார்க் இல்ல" என்று என் வாயால் சொன்னேன். அரை மணி நேரம். ஆளுக்கு ஒன்று, கைதவறிக் கிழிந்ததற்கு இன்னொன்று. ஒரு செடி மிச்சமில்லை.

அடுத்த வாரம் வேலைக்கு வந்தவர், அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டைப் பிரித்தார். மேல் தாள், அதற்கடுத்த தாள் என்று கடைசிவரை தூக்கிப் பார்த்தார். "எல்லாம் பூவுல இருக்குது மேடம். ஒண்ணுலகூட காய் இல்ல" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் என்ன சொன்னேன் தெரியுமா? "ரூல்ஸ் அப்படி, நான் என்ன பண்றது" என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நாற்பது அட்டைக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்.

அந்தப் பங்குனியில் மேரி அம்மா இறந்தார்கள். அதே மேட்டில்தான் அடக்கம். அடுத்த தையில் அழுகண்ணி இல்லை. அதற்கடுத்த தையிலும் இல்லை. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல மேடம்" என்பார். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வருடம் மழை முடிந்ததும் அவரே கூப்பிட்டார். "மேடம், வந்துட்டாங்க." செடியைத்தான் அப்படிச் சொன்னார். முதல் பஸ் பிடித்துப் போனேன். மேரி அம்மாவின் மண்மேட்டில் மட்டும், ஒரு பாய் விரித்த அளவுக்கு, சிவப்பாக முளைத்திருந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். "குழி வெட்டினப்போ அடியில கெடந்த வெத மேல வந்துக்குது மேடம். அவதான் கொண்ணாந்து குடுத்துக்கிறா." சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று அங்கே எல்லாக் குடும்பமும் மண்வெட்டியோடு வரும். மேட்டைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அழுகண்ணி அப்போதுதான் மயிரிழை போல முளைவிட்டிருக்கும். மேரி அம்மாவின் மேட்டில் மட்டும் அவர் மண்வெட்டி பட விடமாட்டார். சிமெண்டும் பூச விடவில்லை. ஒருமுறை மேரி அம்மாவின் தம்பி அத்தனை பேர் நடுவே சத்தம் போட்டார்: "எங்க அக்கா கல்லறைல புல்லு புடுங்கக்கூட உனுக்குக் கை வரலியா மாமா? உயிரோட இருந்தப்போ மட்டும் நல்லவன் மாதிரி நடிச்சியா?" தேவசகாயம் "இருக்கட்டும்பா" என்றார். நானும் அன்று அங்கே நின்றிருந்தேன். வெளியே வந்ததும், "விஷயத்தைச் சொல்லிடலாமே" என்றேன். "எதுக்கு மேடம், கேள்வி மேல கேள்வி வரும்" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இப்போதாவது அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு தையிலும் நாங்கள் இருவரும் ஒரு காலை அங்கே போவோம். பூ பன்னிரண்டு மணிக்குள் மூடிக்கொள்ளும் என்பதால் சீக்கிரம் வரச் சொல்வார். செவிலிமேட்டில் தனியாக இருக்கும் எனக்கு வருடத்தில் காத்திருக்க இருந்த ஒரே நாள் அது.

அடக்கத்தன்று நான் போனபோது குழி தயாராக இருந்தது. ரோட்டோரம், வேலிக்கு ஒட்டி, தன்னந்தனியாக. நான் முதலில் பார்த்தது அதை அல்ல. மேரி அம்மாவின் மேட்டில் யாராவது மிதித்துவிட்டார்களா என்றுதான் என் கண் போயிற்று. யாரும் மிதிக்கவில்லை. "கட்டுனவ பக்கத்துல படுக்கக்கூட மனசு வரல பாரு" என்று மேரி அம்மாவின் தம்பி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் மண் போட்டோம். பிறகு ஜெயாவின் கையைப் பிடித்து அவள் அம்மாவின் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் மாமாவையும் வரச் சொன்னேன். குனிந்து பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் குழி வெட்டினால் அள்ளிப்போடும் மண்ணில் இந்தச் செடிகள் புதைந்துவிடும், இந்த மேட்டை விட்டால் இதற்கு வேறு இடம் இல்லை என்றேன். இந்தக் கல்லறை நிலம் முழுக்க இருந்ததை நான் எப்படி வேரோடு எடுக்க வைத்தேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

மாமா தலைமேல் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெயா செடிகளை மிதித்துவிடாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "ஒம்போது வருசமா எல்லாரும் பேசனதக் கேட்டுக்கினு இருந்தாரே மேடம். உங்கள ஒரு வார்த்த காட்டிக் குடுக்கலியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவுரு சொல்லல, சரி. நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

நான் பிடித்திருந்த அவள் கையை விட்டேன்.

தேவசகாயம் அவர்களே, எல்லோரும் போன பிறகு உங்கள் இடத்திலிருந்து மேரி அம்மாவின் இடம்வரை நடந்து பார்த்தேன். வெயிலில் மூச்சு வாங்கியது. இவ்வளவு தூரத்தையும் உங்கள் இருவருக்கும் நடுவே வைத்தவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் இருந்தபோது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அன்று சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.