நான்காவது தட்டு

செவில் நகரத்தின் சுற்றுலா உணவகங்கள் எனக்கு அலுத்துவிட்டன. ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடம் வேண்டுமென்று, அங்கே வேலை பார்க்கும் மகளை நச்சரித்தேன். மருமகனும் சேர்ந்து, மூன்று பேரும் ஒரு குடியிருப்புப் பகுதிக்குப் போனோம். வழி கேட்டதும், சட்டைப் பையில் மடித்த வெள்ளைக் கைத்துண்டு வைத்திருந்த என் வயதுக்காரர் ஒருவர் தானே கூட்டிக்கொண்டு போனார். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நின்று நலம் விசாரித்துக்கொண்டே நடந்தார்.

கடையில் கீரையும் கொண்டைக்கடலையும் மூன்று தட்டுக்குத்தான் மீதம் இருந்தது. கூட்டிவந்தவர் தன் வயிற்றைத் தடவி ஏதோ சொன்னார்.

"அவரு சாப்டாச்சாம்பா," என்றாள் மகள்.

"நெசமாவா?"

"அவரே சொல்றாரு லா. தோட்டத்துக் கிராணி மாதிரி கணக்கு கேக்காதீங்க."

எங்கள் ரப்பர் தோட்ட ஊரான ரந்தாவில், விருந்தாளி வந்து சோறு போதாத நாட்களில் நானும் இப்படித்தான் வயிற்றைத் தடவியிருக்கிறேன். இருந்தாலும் மகள் சொன்னதை வசதியாக நம்பிக்கொண்டேன். பசித்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

என் வாயில் எண்ணெய் வழிவதைப் பார்த்து, அவர் துண்டை எடுத்து நீட்டினார். இஸ்திரி போட்டது, மடிப்புக்கூடக் கலையவில்லை. தன் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்திருக்கிறார்.

அதில்தான் வாய் துடைத்தேன்.