சிங்காநல்லூருக்கு வந்த கில்லட்டின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் அவிநாசி. இருபத்தாறு வயதில் கிடைத்த முதல் வேலை அது. எங்கள் மாணவிகளில் பாதிப் பேர் மில் தொழிலாளர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் லேத் பட்டறைக்காரர்களின் பிள்ளைகள். மில் சங்கு ஊதினால் பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். ஷிப்ட் முடிந்து அம்மாவோ அப்பாவோ அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலக வரலாறு என்றால் வேப்பெண்ணெய். நான் சேர்ந்த வருஷந்தான் சோவியத் யூனியன் உடைந்தது. பாடப்புத்தகத்தில் உடையவில்லை. வகுப்புச் சுவரில் தொங்கிய வரைபடத்திலும் அது ஆசியாவின் தலைமேல் ஒரே துண்டாகச் சிவந்து கிடந்தது. "பரீட்சையில ஒடைஞ்சதுன்னு எழுதறதுங்களா, ஒடையலைன்னு எழுதறதுங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பரீட்சை முடியற வரைக்கும் ஒண்ணாவே இருக்கட்டுங்க" என்றார்.

பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். ராஜா, ராணி, பாஸ்டீல் சிறை என்று நான் தொண்டை வறளப் பேசி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், இவிங்கெல்லாம் நம்மளுக்கு என்ன ஒறவுங்க? இவிங்க செத்த வருஷத்த எல்லாம் நாம எதுக்குங்க மனப்பாடம் பண்ணோணும்?"

நியாயமான கேள்வி. அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. வரப்போகும் ஆண்டு விழாவில் பிரெஞ்சுப் புரட்சியை நாடகமாகப் போட்டால் என்ன? நடித்துப் பார்த்தால் உறவு தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், உறவு வந்ததுதான் வம்பே.

தலைமை ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ராஜா தலைய எடுக்கறதோ, ராணி தலைய எடுக்கறதோ, அது உங்க பாடுங்க. ஆனா செவப்புச் சாயம் ஒரு சொட்டு மேடையில உழுகக் கூடாது. போன மாசந்தான் வெள்ளையடிச்சோம்."

ராஜா வேஷத்துக்கு வகுப்பிலேயே உயரமான பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். மணி அடித்த மாதிரிக் குரல் அவளுக்கு. அவளுடைய அம்மா பக்கத்து மில்லில் நூற்புப் பகுதியில் வேலை செய்தவர். மக்கள் தலைவியாக ஒரு பட்டறைக்காரரின் மகள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே புரட்சி மாதிரி இருக்கும்.

ஒத்திகையில்தான் எங்கள் ஊரின் குணம் வெளியே வந்தது. "கொடுங்கோலனே, உன் ஆட்சி முடிந்தது!" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். தலைவி முழங்கினாள்: "கொடுங்கோலனுங்க! உங்க ஆட்சி முடிஞ்சுதுங்க!"

"அம்மணி, 'ங்க' வேண்டாம். நீ கோவமா இருக்கே."

"கோவமாத்தானுங்க இருக்கேன் டீச்சர். ஆனா அவுரு ராஜாவாச்சுங்களே."

"அவனைத்தான் வெட்டப் போறியே?"

"வெட்டறதுக்கும் மரியாதைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எல்லாரும் கேட்டுக்கங்க. யாரும் 'ங்க' போடாதீங்க" என்று நான் கத்தினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அத்தோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

தலையை வெட்டும் கில்லட்டின் வேண்டும். அட்டையில் செய்துகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். விஷயம் தெரிந்து தலைவியின் அப்பா, அந்தப் பட்டறைக்காரர், மொபெட்டில் பள்ளிக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், காதில் ஒரு பென்சில்.

"எங்கிட்ட உடுங்க டீச்சர். ஒரு படம் மட்டும் போட்டுக் குடுங்க."

நூலகப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து கொடுத்தேன். அவர் அந்தத் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஒயரம் எத்தனைங்க? பிளேடு எத்தன எம்.எம்.? என்ன வெயிட்டுங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பாத்தா நெசமாட்டம் இருந்தாப் போதும்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, காலை இடைவேளையில், பள்ளி வாசலில் டெம்போ வந்து நின்றது. நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இரும்பு ஆங்கிளில் செய்த எட்டடிச் சட்டம், பச்சை பெயிண்ட், இரண்டு பக்கமும் கிரீஸ் தடவிய பள்ளம், கீழே கழுத்தை வைக்க ஓர் ஓட்டை, மேலே கப்பி, அதில் கயிறு. கயிற்றின் முனையில் வெயிலில் மின்னிக்கொண்டு ஒரு எஃகு பிளேடு. கூடவே வாழைமரத் துண்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். மொத்தப் பள்ளியும் சுற்றி நிற்க, அதை ஓட்டையில் வைத்துக் கயிற்றை விட்டார். வாழைமரம் இரண்டானது. சத்தமே இல்லை.

"பேரிங் போட்டிருக்கேனுங்க" என்றார் என்னைப் பார்த்து, பெருமையோடு.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ராஜா மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். அதற்குள் தலைமை ஆசிரியை வந்துவிட்டார்.

"இது எதுக்குங்க?"

"ராஜாவுக்குங்க" என்றார் பட்டறைக்காரர்.

பிளேடை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை. பட்டறைக்காரருக்கு முகம் வாடிப்போயிற்று. "ஒரு எம்.எம். பெசகாதுங்க மேடம், நான் கேரண்டி" என்று கடைசி வரை சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு போய், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷின் ஒன்றில் பொருத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதன் இடத்தில் தெர்மகோல் பிளேடு ஒன்றைச் செய்து, வெள்ளித்தாள் ஒட்டி மாட்டினோம்.

ஆண்டு விழா மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. மில் மேலாளர் ஒருவர் சிறப்பு விருந்தினர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மில்லின் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக. நாடகம் நன்றாகவே போயிற்று. "ரொட்டி இல்லீன்னா கேக் சாப்பிடச் சொல்லுங்க" என்று ராணி சொன்னபோது, "பேக்கரியில ரொட்டியே இல்லையாம், கேக்கு எங்கிருந்து வரும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். ராணி அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்பது எனக்குத் தெரியும். நாடகத்துக்குத் தேவைப்பட்டது. பெஞ்சுகளை அடுக்கிச் செய்த பாஸ்டீல் சிறையை மக்கள் உடைத்தபோது விசில் பறந்தது. மேலாளர் மட்டும் சோடா குடித்தார்.

கடைசிக் காட்சி. ராஜா மண்டியிட்டு ஓட்டையில் கழுத்தை வைத்தாள். தலைவி கம்பீரமாக, "நாட்டு மக்கள் சார்பா உங்க தலைய எடுக்கறோமுங்க!" என்று சொல்லிக் கயிற்றை விட்டாள்.

பிளேடு வரவில்லை. தெர்மகோலுக்கு ஏது எடை? இரண்டடி இறங்கி, கிரீஸில் ஒட்டிக்கொண்டு சாய்வாக நின்றுவிட்டது. தலைவி கயிற்றை உலுக்கினாள். அசையவில்லை.

"எடது பக்கம் தட்டு அம்மணி, எடது பக்கம்!" என்று கீழேயிருந்து அவள் அப்பா கத்தினார். தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. மனிதருக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறி, பாரிஸ் நகரத்தின் நடுவில் நின்று, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டத்தைக் குடைய ஆரம்பித்தார். "அந்த எஃகு பிளேடு இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமுங்க" என்று கூட்டத்தைப் பார்த்து விளக்கம் வேறு சொன்னார்.

அப்போது ஒலிபெருக்கியில் ராஜாவின் குரல், "டீச்சர், கழுத்து வலிக்குதுங்க" என்றது.

அவ்வளவுதான். கூட்டத்தின் நடுவிலிருந்து ராஜாவின் அம்மா எழுந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. விறுவிறுவென்று மேடையேறி, மைக்குக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்க, எத்தன நேரந்தான் புள்ள கழுத்த நீட்டிட்டே கெடக்கும்? என்னமோ தெரியாமத் தப்புப் பண்ணிப்போட்டான். மன்னிச்சு உட்டுப்போடுங்க. இனிமே ஒழுங்கா ஆளுவான், நான் சொல்றேன்."

மகளுக்காகப் பேசினாரா, ராஜாவுக்காகப் பேசினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாஸ்டீலுக்கு விசிலடித்த அதே ஆட்கள், "உட்டுருங்க, உட்டுருங்க, பாவம்!" என்று எழுந்து நின்று குரல் கொடுத்தார்கள். தலைவி திரைச்சீலைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் மக்களைப் பார்த்தாள், ராஜாவைப் பார்த்தாள், முடிவுக்கு வந்தாள்.

"சரீங்க. போயிட்டு வாங்க ராஜா."

ராஜா கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கி, மக்களைப் பார்த்து, "வாரேனுங்க" என்றாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தப் பள்ளியில் அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மில் மேலாளர் தன் பேச்சில், "எந்தப் பிரச்சனையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்னு குழந்தைங்க அருமையா நடிச்சுக் காட்டுனாங்க" என்றார். தொழிலாளர்கள் கைதட்டவில்லை. தலைமை ஆசிரியை என் காதருகே வந்து, "அடுத்த வருஷம் கும்மியே போதுங்க" என்றார். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

ராஜாவின் அம்மாவை வாசலில் பிடித்தேன். கோபமாகத்தான் போனேன். "அந்த ராஜா நல்லவன் இல்லைங்க. சனங்களைப் பட்டினி போட்டவன்" என்றேன்.

"தெரியாதுங்களா டீச்சர்? பாத்துட்டுத்தானுங்களே இருந்தேன். எனக்கும் கோவந்தான்" என்றார் அவர். "ஆனா கழுத்து எம்பட புள்ளையோடதுங்களே."

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைத் திருத்த வேண்டியது என் கடமை. "நாடகத்துல விட்டுட்டாங்க. உண்மையில வெட்டிட்டாங்க. பரீட்சையில அப்படித்தான் எழுதணும்" என்றேன். ராஜாவாக நடித்தவளுக்குக் கண் கலங்கியது.

"நெசமாலுமே வெட்டிட்டாங்களா? அத்தன கூட்டத்துல வந்து கேக்கறதுக்கு ஒருத்தருமே இல்லீங்களா?" என்றாள். பிறகு, "அவுங்கம்மா எங்கீங்க போனாங்க?"

பாடப்புத்தகத்தில் ராஜாவின் அம்மா இல்லை. அந்தச் சனிக்கிழமை டவுன் நூலகத்துக்குப் போய்த் தடித்தடிப் புத்தகங்களாகப் புரட்டித் தேடினேன். ராஜா சிறுவனாக இருக்கும்போதே அம்மா நோயில் இறந்துபோயிருந்தார். எம்.ஏ. படித்த எனக்கு அதைத் தேட வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

மறுபடி வகுப்பில் சொன்னேன். புரட்சித் தலைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதானுங்க பாத்தேன்" என்றாள்.